அத்தாவின் கடன்



மர்ஹூம் அத்தா கடைக்காக வங்கியில் பெற்ற கடனைக் கேட்டு, வாரிசுகளாகிய எங்களுக்கு நீதிமன்ற அழைப்பாணை வந்தது. கடனை அடைத்துவிட்டதாகவே அத்தா சொல்லி வந்தார். வங்கியோ பாக்கி உண்டு என்கிறது.

"பழைய கடன்தானே, விட்டுவிடுங்கள்" என்றனர் உறவினர் சிலர். அழைப்பாணை கிடைத்த 30 நாட்களுக்குள் எதிருரை தாக்கல் செய்ய வேண்டும். மௌனமாக இருந்தால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வரக்கூடும். 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, அடமானமில்லாத கடனுக்கு 3 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும்; அதற்குள் கடனாளி எழுத்தில் ஒப்புக்கொண்டிருந்தால் கணக்கு புதிதாகத் தொடங்கும் என்றார் வழக்கறிஞர். அந்த வாதத்தையே முன்வைத்து முடித்துவிடலாம் என்பது அவர் யோசனை.

காலம் கடந்தால் வழக்குரிமை போகலாம். மறுமையில் கடன் நிற்கும். கடனோடு இறந்தவரின் ஜனாஸாவை நபி (ஸல்) அவர்கள், அபூகதாதா (ரலி) பொறுப்பேற்ற பின்னரே தொழுவித்தார்கள் என்று மாணவர்களுக்குப் போதிப்பவன் நான். ஆகவே எதிருரையில் காலவரையறையோடு, முழுக் கணக்கு விவரத்தையும் கோரியுள்ளோம். அத்தாவின் ரசீதுகளையும் இணைத்துள்ளோம். பாக்கி உண்மையென்று தெளிவானால், வழக்கில் வென்றாலும், அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து அதைக் கொடுத்த பிறகே பாகம் பிரிப்போம், இன்ஷா அல்லாஹ்.

கடனை எழுதி வைக்குமாறு குர்ஆன் (2:282) கட்டளையிடுகிறது. அடைத்ததையும் எழுதி வாங்கி, பிள்ளைகளுக்குத் தெரியும் இடத்தில் வையுங்கள்.