மறைவழி

1995ஆம் ஆண்டில் ஹெல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கணிப்பொறி வலையில் கடவுச்சொற்கள் களவுபோயின. அவை மறைப்பின்றிச் சென்றமையே அதற்குக் காரணம். அதுகண்ட ஆராய்ச்சியாளர் டாட்டு யுலோனன், செய்திகளை மறைமொழியாக்கி அனுப்பும் எஸ்.எஸ்.எச். என்னும் முறையை அவ்வாண்டிலேயே வகுத்து, விலையின்றி வழங்கினார்.

பொது இடத்து இணையத்தில் உலாவியைத் திறப்போர்க்கும் இம்முறை அரணாகும். உலாவியின் வேண்டுகோள் அவர்தம் கணிப்பொறியிலேயே மறைமொழியாகித் தொலைவிலுள்ள மற்றொரு கணிப்பொறியை அடையும். அங்கே மறைப்பு நீங்கி, உரிய தளத்திற்குச் செல்லும். விடையும் அவ்வழியே மீளும். இடையில் ஒற்றாடுவோன் செய்தி செல்வதை அறிவான். அதன் பொருளை அறியான்.

ஆயினும், இவ்வரண் அத்தொலைக் கணிப்பொறி வரையிலேயே நிற்கும். ஆதலின், வழியைக் காத்தல் அறிவுடைமை. வழிமுடிவில் உள்ளவரை ஆராய்ந்து தெளிதல் அதனினும் பேரறிவுடைமை அன்றோ!