அசையும் புள்ளி

வெண்கட்டித் தூளிலே தலை நரைத்த பின்னர்தான் கணினியைத் தொட்டவன் நான். 2001இல் ஒஸ்திரியாவின் சால்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்திலே மார்க்குஸ் ஹோஹன்வார்ட்டர் தொடக்கிய ‘ஜியோஜெப்ரா’ என்னும் கேத்திரகணித மென்பொருளைப் பதினோராந் தர வகுப்பிலே திரையிட்டேன். வட்டப் பரிதியில் ஒரு புள்ளியை இழுக்க, முக்கோணி நெளிகின்றது. உச்சிக் கோணமோ 40 பாகையிலிருந்து இம்மியும் மாறுவதில்லை! கரும்பலகையில் இவ்விந்தையை நான் ஒருநாளும் காட்டியதில்லை. பிள்ளைகள் கைதட்டினர். எனக்கும் பெருமைதான்.

தவணைப் பரீட்சையில், ‘ஒரே துண்டத்திலுள்ள கோணங்கள் சமமென நிறுவுக’ என்று கேட்டிருந்தேன். கெட்டிக்கார மாணவி ஒருத்தியின் விடை ஒரே வரி: ‘திரையிற் பார்த்தோம், ஐயா.’

சிரித்துவிட்டேன், பின்னர் சிரிப்பு அடங்கிற்று. கண்டதே நிறுவலென்று அவளை நம்பவைத்தவன் நானல்லவா?

மறுநாள் அதே படத்தை மீண்டுந் திரையிட்டேன். இம்முறை புள்ளியை நாணுக்கு அப்பால் இழுத்தேன். 40 திடீரென 140 ஆயிற்று. வகுப்பு வாயடைத்தது.

“அது ஏன், ஐயா?” என்று எழுந்தவள் அவளே.

மடிகணினியை மூடிவிட்டு, வெண்கட்டியை அவள் கையிற் கொடுத்தேன். சிறிது தயங்கினாள். பிறகு மையத்தைக் குறித்து, முதலாவது ஆரத்தை வரைந்தாள்.