தூது போன மகள்

"பெண்ணைக் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டார்கள்." வரலாற்றுப் புத்தகங்களில் இந்த வரியை எத்தனை முறை படித்திருப்போம்! சண்டை போட்ட இரண்டு அரசர்களின் பெயர்கள் அதில் இருக்கும். எந்தக் கோட்டை, எத்தனை ஊர்கள் கைமாறின என்ற கணக்கும் இருக்கும். கொடுக்கப்பட்ட பெண்ணின் பெயர் மட்டும் பல நேரங்களில் இருக்காது. திருமணம் முடிந்த மறுநாளிலிருந்து அவள் என்ன செய்தாள் என்பதையும் யாரும் எழுதியிருக்க மாட்டார்கள்.

எனக்கு அந்த மறுநாளைப் பற்றித்தான் எப்போதும் கேள்வி. மேற்படிப்புக்காக வேல்ஸின் வடக்கே பாங்கோர் நகரில் ஓராண்டு தங்கியிருந்தபோது, அந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்கும் ஒரு பெண்ணைப் பற்றித் தெரிந்துகொண்டேன். அவர் பெயர் ஜோன். வேல்ஸ் மக்கள் ஷிவான் என்பார்கள். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்தவர்.

அன்றைய வேல்ஸ் ஒரே நாடு அல்ல. பல சிற்றரசுகள். அவற்றில் வலிமையானது வடக்கே இருந்த குவினெத். அதன் அரசர் லிவெலின். இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் இடைப்பட்ட எல்லைப் பகுதியை 'மார்ச்' என்று அழைத்தார்கள். அங்கே பிரபுக்களின் ஆட்சி. சொந்தக் கோட்டை, சொந்தப் படை, சொந்த நீதிமன்றம் என்று வாழ்ந்தவர்கள் அவர்கள். அரசருக்கே முழுமையாக அடங்காதவர்கள். இன்று கூட்டாளி, நாளை எதிரி என்பதுதான் அந்த எல்லையின் இயல்பு.

ஜோன், இங்கிலாந்து மன்னர் ஜானுக்குத் திருமண பந்தத்துக்கு வெளியே பிறந்த மகள். லிவெலினைத் தன் பக்கம் கட்டிப்போட ஜான் விரும்பினார். ஏறக்குறைய 1205இல் திருமணம் நடந்தது. எல்லையில் இருந்த எல்ஸ்மியர் என்ற ஊர் சீதனமாகப் போனது. பெண்ணைக் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டாயிற்று. வழக்கமான புத்தகமாக இருந்தால் கதை இங்கே முடிந்திருக்கும்.

ஆனால் சமாதானம் ஆறு ஆண்டுகள்கூட நிலைக்கவில்லை. 1211இல் மாமனார் மருமகன் மேல் இரண்டு முறை படையெடுத்தார். முதல் முறை உணவு கிடைக்காமல் ஆங்கிலப் படை திரும்பியது. இரண்டாம் முறை பாங்கோர் எரிந்தது. இனித் தாக்குப்பிடிக்க முடியாது என்றானதும், தன் பெரியோர்களின் யோசனைப்படி லிவெலின் ஒருவரைத் தூது அனுப்பினார். படைத்தலைவரையோ பாதிரியாரையோ அல்ல, தன் மனைவியை.

பிறந்த வீட்டுக்குப் புகுந்த வீட்டின் தூதராகப் போவது எப்படி இருந்திருக்கும்? எதிரில் உட்கார்ந்திருப்பவர் அப்பா. முதுகுக்குப் பின்னால் எரிந்துகொண்டிருப்பது தன் வீடு. ஜோன் கொண்டுவந்த உடன்படிக்கை இனிப்பானது அல்ல. கான்வி ஆற்றுக்குக் கிழக்கே இருந்த நிலம் போனது. ஏராளமான கால்நடைகள் போயின. லிவெலினின் மூத்த மகன் கிரிஃபித் உட்படப் பலர் பிணைக் கைதிகளாகப் போனார்கள். ஜோன் மூலம் வாரிசு பிறக்காவிட்டால் லிவெலினின் நாடே ஆங்கில மன்னருக்குப் போய்விடும் என்றும் ஒரு நிபந்தனை இருந்தது. ஒரு பெண்ணின் வயிற்றைக்கூட ஒப்பந்தத்தில் எழுதி வைத்தார்கள்! ஆனாலும் லிவெலினின் அரியணை தப்பியது. கணவர் உயிரோடும் பதவியோடும் மிஞ்சினார்.

அடுத்த ஆண்டு நடந்ததுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. லிவெலின் மீண்டும் கிளர்ந்தெழுந்தார். கோபத்தின் உச்சத்தில் இருந்த ஜான், நாட்டிங்ஹம் நகரில் வேல்ஸ் பிணைக் கைதிகள் 28 பேரைத் தூக்கிலிட்டார் என்று அக்காலத் துறவி ரோஜர் எழுதி வைத்திருக்கிறார். அதே நேரத்தில் ஜானுக்கு மகளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. வேல்ஸுக்குப் போனால் உங்கள் பிரபுக்களே உங்களைக் கொன்றுவிடுவார்கள், அல்லது எதிரியிடம் பிடித்துக் கொடுத்துவிடுவார்கள் என்ற எச்சரிக்கை அது. ஸ்காட்லாந்து மன்னரிடமிருந்தும் இதே போன்ற எச்சரிக்கை வந்தது. ஜான் அந்தப் படையெடுப்பைக் கைவிட்டார்.

இந்தக் கடிதத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பது? அப்பாவைக் காப்பாற்றிய மகள் என்றா? படையெடுப்பைத் தடுத்து நிறுத்திய மனைவி என்றா? இரண்டுமே சரி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இரு பக்கமும் காது இருந்ததால்தான் அந்தச் செய்தி அவருக்கு எட்டியது. இரு பக்கமும் பாசம் இருந்ததால்தான் அதைச் சொல்லத் துணிந்தார். அவருடைய செல்வாக்கு பட்டத்தில் இல்லை, அவர் நின்ற இடத்தில் இருந்தது.

1216இல் ஜான் இறந்தார். ஜோனின் தம்பி, வேறு தாய்க்குப் பிறந்த ஒன்பது வயது ஹென்றி, மூன்றாம் ஹென்றியாக முடிசூடினார். மகளாகச் செய்த வேலையை இனி அக்காவாகச் செய்ய வேண்டியிருந்தது. எல்லை நகரங்களில் நடந்த சந்திப்புகளில் ஜோன் தம்பியோடு பேசினார். 1222இல் அவர் மகள் எலென், செஸ்டர் பிரபுவின் வாரிசை மணந்தார். எல்லையின் மிகப் பெரிய குடும்பம் ஒன்று அதன்வழி உறவானது. 1226இல் போப்பாண்டவர் மூன்றாம் ஹொனோரியஸ், ஜோன் முறைப்படி பிறந்தவரே என்று அறிவித்தார். இது கௌரவத்துக்காக மட்டும் பெற்ற ஆணை அல்ல. ஜோனின் மகன் டாவிட் அடுத்த அரசராக வரவேண்டும் என்றால், அவருடைய தாயின் பிறப்பை யாரும் குறை சொல்ல முடியாதபடி இருக்கவேண்டும்.

இதற்கு விலை கொடுத்தவரும் உண்டு. வேல்ஸ் வழக்கப்படி மூத்தவரான கிரிஃபித்துக்கும் நாட்டில் பங்கு உண்டு. அவர் ஓரங்கட்டப்பட்டார், பின்னர் தந்தையாலேயே சிறை வைக்கப்பட்டார். ஒரு தாயின் வெற்றி, இன்னொரு தாய் பெற்ற மகனின் தோல்வியாக முடிந்தது. ஜோனை மெச்சும்போது இதையும் சேர்த்துத்தான் பார்க்கிறேன்.

நடுவில் நிற்பவருக்கு இரு பக்கமும் மரியாதை உண்டு. இரு பக்கமும் சந்தேகமும் உண்டு. தம்பி ஹென்றி அக்காவுக்கு இங்கிலாந்தில் இரண்டு பண்ணை நிலங்களைக் கொடுத்தார். 1228இல் லிவெலினோடு போர் மூண்டபோது அவற்றைத் திரும்ப எடுத்துக்கொண்டார். அலுவலகத்தில் இரண்டு பிரிவுகளுக்கு நடுவே பேச்சு நடத்துவது என் வேலை. 'நீ எங்கள் ஆளா, அவர்கள் ஆளா?' என்ற பார்வை எனக்குப் பழக்கம். என் விஷயத்தில் அது ஒரு கூட்டத்தோடு முடிந்துவிடும். ஜோனுக்கு முப்பது ஆண்டுகள்.

பிறகு 1230. ஜோனைப் பற்றி இன்று பெரும்பாலோருக்குத் தெரிந்தது இந்த ஆண்டு மட்டும்தான். எல்லைப் பிரபு வில்லியம் டி பிரயோஸ், 1228 போரில் லிவெலினிடம் பிடிபட்டவர். மீட்புப் பணம் கட்டி விடுதலையானவர். தன் மகள் இசபெல்லாவை டாவிட்டுக்குக் கொடுக்கச் சம்மதித்துச் சம்பந்தியாகவும் ஆகவிருந்தவர். ஈஸ்டர் சமயத்தில் விருந்தாளியாக வந்திருந்த அவர், லிவெலினின் அறையில் ஜோனோடு இருந்தபோது பிடிபட்டார். மே 2ஆம் தேதி தூக்கிலிடப்பட்டார். 800க்கு மேற்பட்டோர் பார்த்துக்கொண்டிருந்ததாக அக்காலக் கடிதம் ஒன்று சொல்கிறது. ஜோன் ஓராண்டு சிறை வைக்கப்பட்டார்.

நாடகமும் நாவலும் இந்த இரவைத்தான் சுற்றி வருகின்றன. அதில் வியப்பில்லை. எனக்கு வியப்பாக இருப்பது அதற்குப் பிறகு நடந்தவை. வில்லியம் இறந்த சில வாரங்களில், பேசி வைத்த திருமணம் நடக்குமா என்று கேட்டு அவருடைய விதவைக்கே லிவெலின் கடிதம் எழுதினார். திருமணமும் நடந்தது! எல்லையில் அரசியல் யாருக்காகவும் நிற்பதில்லை. 1231இல் ஜோன் விடுதலையாகி, கணவரிடமும் பழைய இடத்துக்கும் திரும்பினார். லிவெலின் மன்னித்தார் என்று எழுதுகிறார்கள். மன்னிப்பு ஒரு பாதி என்றால், அந்த இடத்தில் நிற்க வேறு ஆள் இல்லை என்பது மறு பாதியாக இருக்கும் என்பது என் எண்ணம்.

1237 பிப்ரவரி 2ஆம் தேதி, கடலோர ஊரான ஆபரில் ஜோன் இறந்தார். நீரிணைக்கு எதிர்க்கரையில், ஆங்கில்சி தீவின் லான்வைஸ் என்ற இடத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் நினைவாக அங்கே பிரான்சிஸ்கன் துறவிகளுக்கு ஒரு மடம் கட்டிக் கொடுத்தார் லிவெலின். மூன்று நூற்றாண்டுகள் கழித்து மடங்கள் மூடப்பட்டபோது, ஜோனின் கல் சவப்பெட்டி குதிரைகள் தண்ணீர் குடிக்கும் தொட்டியானது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அதை மீட்டார்கள். இப்போது போமாரிஸ் நகரத் தேவாலயத்தில் இருக்கிறது. பாங்கோரிலிருந்து பேருந்து ஏறி ஒரு சனிக்கிழமை போய்ப் பார்த்தேன். ஊருக்கு வருபவர்கள் நேராகப் பெரிய கோட்டைக்குப் போகிறார்கள். தேவாலயத்தில் அன்று என்னைத் தவிர யாரும் இல்லை.

கல்லைவிட ஜோனை எனக்கு நெருக்கமாக்கியது ஒரு கடிதம். தம்பி ஹென்றிக்கு அவர் லத்தீனில் அனுப்பிய அந்தக் கடிதம் இங்கிலாந்தின் தேசிய ஆவணக் காப்பகத்தில் இன்றும் பத்திரமாக இருக்கிறது. உங்களுக்கும் என் கணவருக்கும் நடுவே எதிரிகள் பகை விதைத்துவிட்டார்களே என்று வருந்துகிறார். கணவருக்காக வருந்தும் அளவுக்கு உங்களுக்காகவும் வருந்துகிறேன் என்கிறார். மண்டியிட்டுக் கண்ணீரோடு வேண்டுகிறேன், அவரோடு சமாதானமாகுங்கள் என்று கெஞ்சுகிறார். அதோடு முடிக்கவில்லை. இன்ஸ்ட்ரக்டஸ் என்ற எழுத்தரைப் பற்றியும் பேசுகிறார். லிவெலினுக்காக அரசவைக்குப் போய் வந்த அவர்மேல் ஹென்றிக்குச் சந்தேகம். அவர் நம்பத்தக்கவர், சந்தேகப்படாதீர்கள் என்று அவருக்காக வாதாடுகிறார்.

இரண்டு நாடுகள் மோதும் நிலையில் இருக்கும்போது, நடுவே ஓடிக்கொண்டிருந்த ஓர் எழுத்தரின் நற்பெயருக்காக ஏன் மெனக்கெட வேண்டும்? அந்த எழுத்தர் செய்த வேலை எப்படிப்பட்டது என்பது, வாழ்நாள் முழுவதும் அதே வேலையைச் செய்தவருக்குத்தானே தெரியும்.