"வலி போயிடுச்சுப்பா" என்று அப்பா சொன்ன நாள்

நான் பொது மருத்துவன். பல் மருத்துவன் அல்ல. பல் விஷயத்தில் என் வீட்டிலேயே நான் கோட்டை விட்டதைச் சொல்லத்தான் இந்த இழை.

அப்பாவுக்கு வயது 68. 12 வருஷமாக சர்க்கரை.

ஒருநாள் போன் செய்து, "கீழ் கடைவாய்ப் பல்லு விண்ணு விண்ணுன்னு தெறிக்குதுப்பா, ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்ல" என்றார். நான் ஓபி நடுவில் இருந்தேன். ஒரு வலி மாத்திரை பேரைச் சொல்லி, "அஞ்சு நாள் போடுங்க, அப்புறம் பாத்துக்கலாம்" என்று வைத்துவிட்டேன். அம்மா தன் பங்குக்கு கிராம்பு வைத்துவிட்டிருக்கிறார்.

ஒரு வாரத்தில் அவரே கூப்பிட்டார். "வலி சுத்தமா போயிடுச்சுப்பா."

எனக்கும் நிம்மதி. அதுதான் தப்பு.

சொத்தை, பல்லின் மேல் ஓடான எனாமலை அரிக்கும்போது வலிக்காது. அடுத்த அடுக்குக்குப் போகும்போது ஜில்லென்று தண்ணீர் குடித்தால் கூசும். இந்தக் கட்டத்தில் போனால் பெரும்பாலும் ஒரே நாளில் அடைத்து அனுப்பிவிடுவார்கள், செலவும் குறைவு. நாம்தான் போக மாட்டோமே!

நரம்பும் ரத்தக்குழாயும் இருக்கும் பல்கூழ் வரை கிருமி போனால்தான் தூக்கத்தைக் கெடுக்கும் அந்த வலி. பிறகு அந்த நரம்பு செத்துவிடும். செத்த நரம்பு வலிக்காது. ஆனால் கிருமி எங்கும் போகவில்லை. வேர் நுனி வழியாக இறங்கி, தாடைக்குள் சீழ் கட்ட ஆரம்பிக்கும். கிராம்பு எண்ணெய் கொஞ்ச நேரம் மரத்துப்போகச் செய்யும், அவ்வளவுதான்.

அப்பாவுக்கு நடந்தது இதுதான்.

ஒரு மாசம் கழித்து விடியற்காலையில் அம்மா போன். "கழுத்தெல்லாம் வீங்கிக் கெடக்கு, எச்சில் முழுங்க முடியலங்கறார்." போனை அப்பாவிடம் கொடுக்கச் சொன்னேன். சூடான இட்லியை வாயில் வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி குரல். எனக்குக் கை நடுங்கிவிட்டது.

லுட்விக்ஸ் ஆஞ்சைனா. 1836ல் லுட்விக் என்ற ஜெர்மன் மருத்துவர் விவரித்த நோய். கீழ் கடைவாய்ப் பற்களின் வேரிலிருந்து கிளம்பும் தொற்று தாடைக்கு அடியில் பரவி, நாக்கை மேலே தள்ளி, மூச்சுப்பாதையை அடைத்துவிடும். அன்று அவருக்கு சர்க்கரை 380. தாடைக்குக் கீழே கீறி சீழை வெளியேற்றி, அந்தப் பல்லை எடுத்து, மூன்று நாள் ஐசியு. பிழைத்தார்.

அப்புறம் உட்கார்ந்து யோசித்தேன். 12 வருஷமாக அவர் காலைப் பார்த்தேன், கண் பரிசோதனைக்கு அனுப்பினேன், கிட்னிக்கு டெஸ்ட் எடுத்தேன். வாயைத் திறங்க என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

விசாரித்தால், ஈறில் ரத்தம் வருகிறது என்று வருஷக்கணக்காக பிரஷ்ஷை விட்டுவிட்டு விரலால் பல்பொடி தேய்த்திருக்கிறார். ரத்தம் வருவது பெரும்பாலும் ஈறு ஓரத்தில் அழுக்கு தங்கியதால். அங்கே இன்னும் நன்றாக, மெதுவாகத் தேய்க்க வேண்டும். ஈறு நோய் இருந்தால் சர்க்கரை அடங்காது, சர்க்கரை ஏறினால் ஈறு நோய் முற்றும். இரண்டும் கூட்டாளிகள்.

"ஏம்ப்பா டாக்டர்கிட்ட போகல?" என்றேன். "பல்லைப் பிடுங்கினா கண்ணு போயிடும்னாங்களே!" கண் பார்வை நரம்பு வேறு, பல்லுக்குப் போகும் நரம்பு வேறு. டாக்டர் வீட்டிலேயே இந்தக் கதை என்றால் வெளியே கேட்கணுமா?

இப்போது வீட்டில் எல்லோருக்கும் காலை, இரவு இரண்டு வேளை, ஃப்ளோரைடு பேஸ்ட், இரண்டு நிமிஷம். இரவு தேய்ப்பதுதான் முக்கியம், தூங்கும்போது எச்சில் சுரப்பு குறைந்துவிடும். துப்பிவிட்டு உடனே தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காதீர்கள், ஃப்ளோரைடும் அதோடு போய்விடும்.

பல் வலியோடு முகமோ கழுத்தோ வீங்கினால் அன்றே காட்டுங்கள். கூடவே வாய் திறக்க முடியவில்லை, விழுங்க முடியவில்லை, மூச்சு வாங்குகிறது என்றால் நேராக அவசர சிகிச்சைப் பிரிவு. ஒத்தடம் கொடுத்துக்கொண்டு உட்கார வேண்டாம்.

என் ஓபியில் சர்க்கரைக்காரர்கள் எல்லோரையும் இப்போது வாயைத் திறக்கச் சொல்கிறேன். "சார், நான் சுகருக்குத்தானே வந்தேன்?" என்று முறைக்கிறவர்களும் உண்டு.

போன வாரம் பக்கத்து வீட்டுக்காரர் பல் வலி என்று அப்பாவிடம் வந்து, "பையன்கிட்ட ஒரு மாத்திரை பேர் கேட்டுச் சொல்லுங்க" என்றாராம். அப்பா எனக்கு போனே பண்ணவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, அவரை ஆட்டோவில் ஏற்றி ஜிஹெச் பல் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.