சீட்டு வாங்கி நுழைந்த பள்ளிவாசல்

கனடாவின் புல்வெளி மாநிலங்களுள் ஒன்றான ஆல்பர்ட்டாவின் தலைநகர் எட்மன்டன். அங்கே நம் மகள் இல்லத்தில் சென்ற கோடையைக் கழித்தோம். மருமகன் முதலில் காட்டியது மாபெரும் கடை வளாகம். கூரைக்கடியில் அலையடிக்கும் குளம், பனிச்சறுக்குத் தளம்! கால் கடுத்ததே மிச்சம்.

மறுநாள், பழைய கட்டடங்களைக் காட்சிக்கு வைத்திருக்கும் ஃபோர்ட் எட்மன்டன் பூங்கா. கனடாவின் முதற் பள்ளிவாசலாகிய அர்-ரஷீத் அங்குதான் நிற்கிறது. பள்ளிவாசலைக் காண நுழைவுச்சீட்டா! மனம் சுருங்கிற்று.

1938-இல் எழுந்த பள்ளி அது. ஹில்வி ஹம்தான் என்னும் லெபனானியப் பெண்மணி மேயரை நேரிற் கண்டு நிலம் கேட்டார். தோழியரோடு கடை கடையாக ஏறிப் பொருள் திரட்டினார். கிறிஸ்தவரும் யூதரும்கூடக் கொடுத்தனர். கட்டியவர் உக்ரைன் வழிவந்த ஒப்பந்தக்காரர். திறப்பு விழாவிற்கு வந்தவர் யார் தெரியுமா? நம் மதரசா அலமாரியிலுள்ள ஆங்கிலத் திருக்குர்ஆன் பெயர்ப்பின் ஆசிரியர், அப்துல்லாஹ் யூசுப் அலி! 1982-இல் வேறிடத்தில் பெரிய பள்ளி எழுந்தது. பழையதை இடிக்கும் நிலை வந்தபோது, முஸ்லிம் பெண்களே முன்னின்று நிதி திரட்டிக் காத்தனர். இப்போது அது இப்பூங்காவில் இருக்கிறது.

பாங்கொலி கேளாத காட்சிக்கூடத்தில் தொழுவதா எனத் தயங்கினோம். நம் இல்லாளோ, "பெண்கள் காத்த பள்ளி, தொழாமல் வரமாட்டேன்" என்றாள். இருவரும் இரண்டு ரக்அத் தொழுதோம். நாம் ஸலாம் கொடுக்கும்வரை வெள்ளையர் குடும்பம் ஒன்று வாயிலிலேயே காத்து நின்றது.

அடுத்த நாள் நகருக்குக் கிழக்கே எல்க் தீவுத் தேசியப் பூங்கா சென்றோம். அழிவிலிருந்து மீட்கப்பட்ட காட்டெருமைகள் அங்கே மேய்கின்றன. அருகிலேயே உக்ரைன் குடியேறிகளின் பண்பாட்டுக் கிராமம். அங்குள்ள தேவாலயக் கும்மட்டத்தை அண்ணாந்து நோக்கிய இல்லாள் கேட்டாள்: "நேற்று நாம் தொழுத பள்ளியின் சாயலல்லவா இது?"