அப்பாவின் கை

“கை நடுங்குதும்மா, இனிமே எனக்கு வேண்டாம்” என்று அப்பா ஜாய்ஸ்டிக்கைத் தள்ளி வைத்துவிட்டார். ஓய்வுபெற்றபின் அவருக்குப் பிடித்துப்போன ஒரே விளையாட்டு, கணினியில் விமானம் ஓட்டுவது. சாங்கியில் இறங்கும்போதெல்லாம் விமானத்தின் மூக்கு மேலும் கீழும் துள்ளியது. அவருக்குக் கைநடுக்கம் கொஞ்சம் உண்டுதான். அதனால் நானும் சந்தேகப்படவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விண்டோஸில் ஜாய்ஸ்டிக்கைச் சோதிக்கும் பக்கத்தைத் திறந்தேன. யாரும் தொடவில்லை, திரையில் கூட்டல் குறி தானாகக் குதித்துக்கொண்டிருந்தது. கைத்தொலைபேசியில் படம் பிடித்துக்கொண்டேன். யுஎஸ்பி ஹப்பை விட்டு நேரே கணினியில் செருகியும் மாற்றமில்லை.

பிறகு இணைப்பைப் பிடுங்கிவிட்டு அடித்தட்டைக் கழற்றினேன். உள்ளே பொட்டென்ஷியோமீட்டர். பழைய வானொலியின் ஒலிக் குமிழில் இருப்பதுதான்: ஒரு கரித்தடம், அதன்மேல் உரசி நகரும் சிறு உலோக நாக்கு. தடம் தேய்ந்தாலோ தூசி படிந்தாலோ மின்னழுத்தம் துள்ளும். வானொலி கரகரப்பதும் இதனால்தான். சிம் லிம் டவரில், பிளாஸ்டிக்கைக் கெடுக்காத கான்டாக்ட் கிளீனர் வாங்கிவந்து அடித்து, கைப்பிடியை முப்பது நாற்பது தடவை ஆட்டி, காயவிட்டேன். குறி நடுவில் நின்றது. தேய்மானம் என்றால் மறுபடி வரும்; அப்போது உரசாமல் காந்தத்தால் இயங்கும் ஹால் சென்சர் உள்ளதை வாங்கவேண்டியதுதான்.

அப்பாவிடம் அந்தப் படத்தைக் காட்டினேன். இரண்டு தடவை பார்த்தார்.

“அப்ப அது நான் இல்லையா?”

நடுவில் சின்ன அசைவுகளைக் கண்டுகொள்ளாத ‘டெட்ஸோனை’ மட்டும் கொஞ்சம் கூட்டிவைத்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை.