தேவதைக்கு வெல்டிங்!

ஒரு டிசைன் பிராப்ளம். உயரம் 20 மீட்டர். ரெண்டு பக்கமும் சேர்த்து இறக்கை 54 மீட்டர், அதாவது அஞ்சு டவுன் பஸ்ஸை வரிசையாக நிறுத்தினால் எவ்வளவோ அவ்வளவு. எடை 200 டன். மேட்டு மேல் தன்னந்தனியாக நிற்கணும். மணிக்கு 160 கிலோமீட்டர் காற்று அடித்தாலும் சாயக் கூடாது. ஃபவுண்டேஷன் டிசைன் பண்ணு!

ஏதோ செமஸ்டர் பேப்பரில் வந்த 16 மார்க் கேள்வின்னு நினைச்சா, ஸாரி பாஸ்... இது ஒரு சிற்பம். பெயர் 'ஏஞ்சல் ஆஃப் த நார்த்'. 1998-ல் வடகிழக்கு இங்கிலாந்தின் கேட்ஸ்ஹெட் நகரத்தில் நின்றது. செய்தவர் ஆன்டனி கோம்லி. கீழே 600 டன் கான்கிரீட், பூமிக்குள் 20 மீட்டர் ஆழத்துக்கு இறங்கும் பைல்கள். கணக்குப் போட்டது அரூப் இன்ஜினீயர்கள்.

இந்த விவரத்தைப் படித்த நாள் முதல் எனக்குப் பித்துப் பிடிக்காத குறை. லண்டனைப் போட்டோவில் மட்டுமே பார்த்த ஆள் நான். ஆனாலும் லைப்ரரியில் மெஷின் டிசைன் புக்கை ஓரங்கட்டிவிட்டு பிரிட்டிஷ் சிற்பிகளைத் தேடித் தேடிப் படிக்க ஆரம்பிச்சுட்டேன். "மெக்கானிக்கல்காரனுக்கு எதுக்குடா சிலையும் சிற்பமும்? இதனால என்னடா யூஸ்?" என்று ரூம்மேட் கேட்டான். நல்ல கேள்வி. பதில் கொஞ்சம் நீளம்.

கதை ஒரு இன்ஜினீயரிங் ஸ்டூடன்ட்டில்தான் ஆரம்பிக்குது. ஆன்டனி கேரோ, கேம்பிரிட்ஜில் இன்ஜினீயரிங் படித்தவர். பிறகு சிற்பம் பக்கம் தாவி, 1950-களின் தொடக்கத்தில் ஹென்றி மூரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். மூர், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகன். கல்லிலும் வெண்கலத்திலும் அவர் செய்த, சாய்ந்து படுத்திருக்கும் உருவங்கள் உலகப் புகழ் பெற்றவை. அந்த ஆலமரத்தின் நிழலில் வேறு செடி முளைப்பதே கஷ்டம்!

1959-ல் அமெரிக்கா போய் வந்த கேரோ, களிமண்ணைத் தூக்கி ஓரம் வைத்தார். பழைய இரும்பு வாங்கினார். வீட்டு கராஜில் நின்று வெல்டிங் பழகினார். பீம், பிளேட், பைப், போல்ட்... கட்டடம் கட்டுகிற சாமான்தான் இனி சிற்பத்துக்கும். 1962-ல் அவர் செய்த 'ஏர்லி ஒன் மார்னிங்' ஆறு மீட்டருக்கு மேல் நீளம், முழுக்க சிவப்பு பெயின்ட். மனித உருவம் கிடையாது. முக்கியமா, பீடமும் கிடையாது. நம் கால் படும் அதே தரையில் அதுவும் நிற்கும். பீடத்தில் ஏற்றினால் கும்பிடத் தோணும், கீழே இறக்கினால் சுற்றி நடக்கத் தோணும். அவ்வளவுதான் வித்தியாசம். ஆனா எவ்வளவு பெரிய வித்தியாசம்!

கேரோ பாடம் நடத்தியது லண்டன் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக்கல்லூரியில். வாத்தியார் மூருக்குக் கொடுத்த ஷாக்கை, ஸ்டூடன்ட்ஸ் வாத்தியாருக்கே திருப்பிக் கொடுத்தாங்க. 1967-ல் அங்கே படித்துக்கொண்டிருந்த ரிச்சர்ட் லாங் ஒரு புல்வெளிக்குப் போனார். நேர்கோட்டில் முன்னும் பின்னுமாக நடந்தார். புல் படிந்து ஒரு கோடு தெரியும் வரை நடந்தார். அதைப் போட்டோ எடுத்தார். சிற்பம் ஓவர்! மெட்டீரியல் காஸ்ட் பூஜ்யம். அதே காலேஜில் சந்தித்த கில்பர்ட் - ஜார்ஜ் ஜோடி, முகத்தில் மெட்டாலிக் பெயின்ட் பூசிக்கொண்டு பாட்டுக்கு அசைந்தபடி 'நாங்களே சிற்பம்' என்று நின்றது.

சிரிப்பு வருதில்ல? கொஞ்சம் இருங்க. அடுத்த சீன் சிரிப்பில்லை.

1980-களின் தொடக்கம். பிரிட்டனில் ஆலைகள் வரிசையாக மூடப்பட்ட காலம். 1982 ஜனவரியில் வேலையில்லாதவர்கள் எண்ணிக்கை 30 லட்சத்தைத் தாண்டியது. அப்போது வந்த சிற்பிகள் கையில் எடுத்தது புது இரும்பு இல்லை, குப்பை. ரப்பர் ஆராய்ச்சி லேபில் டெக்னீஷியனாக இருந்தவர் டோனி கிராக். உடைந்த பிளாஸ்டிக் துண்டுகளைச் சுவரில் ஒட்டி, பிரிட்டன் மேப்பையே படுக்கப்போட்டார். பக்கத்தில் அதைப் பார்த்தபடி ஒரு மனிதன். 1981-ல் வந்த அந்தப் படைப்பின் பெயர், 'வடக்கிலிருந்து பார்த்த பிரிட்டன்'. அதே வருஷம் பில் வுட்ரோ, பழைய வாஷிங் மெஷினின் தகட்டை வெட்டி மடக்கி ஒரு கிட்டார் செய்தார். மெஷினிலிருந்து கிட்டார் பிரிந்து போகவில்லை. ஒட்டிக்கொண்டே இருக்கும், தொப்புள்கொடி மாதிரி. ஷீட் மெட்டல் ஒர்க்கில் 'டெவலப்மென்ட்' போட்டவர்களுக்கு இந்த வேலையின் நுணுக்கம் புரியும்.

இந்த செட்டில் நம்ம ஊர்க்காரர் ஒருவரும் உண்டு. மும்பையில் பிறந்த அனிஷ் கபூர். எலெக்ட்ரிக்கல் இன்ஜினீயரிங்கை பாதியில் விட்டுவிட்டு லண்டனுக்கு ஓவியம், சிற்பம் படிக்கப் போனவர். 1979-ல் இந்தியா வந்துபோன பிறகு, சுத்தமான கலர் பொடியால் மூடிய உருவங்களைத் தரையில் வைத்தார். 1991-ல் டர்னர் பரிசு. பின்னால் 2002-ல் டேட் மாடர்னில் அவர் வைத்த பிரமாண்ட 'மார்சியஸ்' சிற்பத்துக்குக் கைகொடுத்த இன்ஜினீயர், இலங்கையில் பிறந்த செசில் பால்மண்ட்.

ஆனால், என்னைத் தூங்கவிடாமல் செய்தது ரேச்சல் ஒயிட்ரீடின் 'ஹவுஸ்'. கிழக்கு லண்டனில் ஒரு வரிசை வீடுகளை இடித்துவிட்டார்கள். மிஞ்சியது ஒரே வீடு. அதன் உள்சுவர் முழுக்க கான்கிரீட் அடித்து, இறுகியதும் வெளிச்சுவரைப் பெயர்த்து எடுத்தார் ஒயிட்ரீட். ஃபவுண்டரி பாஷையில் சொன்னால் வீடுதான் மோல்டு, உள்ளே இருந்த காற்றுதான் காஸ்டிங். ஒரு குடும்பம் சாப்பிட்ட, சண்டை போட்ட, தூங்கின வெற்றிடம் கல்லாக எழுந்து நின்றது. 1993 நவம்பர் 23. அவருக்கு டர்னர் பரிசு கிடைத்த அதே நாளில், அதை இடிக்கலாம் என்று உள்ளூர் கவுன்சில் முடிவெடுத்தது. 1994 ஜனவரி 11-ல் புல்டோசர் வந்தது. 'இதனால் என்ன யூஸ்?' என்ற நம்ம ரூம்மேட் கேள்விதான் அங்கேயும்!

சரி, அப்போ தேவதைக்கு என்ன யூஸ்?

அது நிற்கும் மேடு, ஒரு நிலக்கரிச் சுரங்கத்தின் தொழிலாளர்கள் குளிக்கும் இடம் இருந்த மண். சுரங்கம் போச்சு. பக்கத்து சண்டர்லேண்டின் கடைசிக் கப்பல் கட்டும் தளங்கள் 1988-ல் மூடப்பட்டன. ஊரே இரும்போடு பழகின ஊர். கை இருக்கு, வேலை இல்லை. 'எங்க ஊருக்கு இது எதுக்கு?' என்று எதிர்ப்பும் பலமாக இருந்தது. தேவதையைச் செய்தது பாரிஸிலோ மிலனிலோ இல்லை. பழைய கப்பல் கட்டும் ஊரான ஹார்ட்லபூலின் ஃபேப்ரிகேஷன் ஷாப்பில். தேவதையின் எலும்பெல்லாம் வெளியே தெரியும், கப்பலின் ரிப் மாதிரி. துருவையே சட்டையாகப் போட்டுக்கொள்ளும் வெதரிங் ஸ்டீல். பெயின்ட் தேவையில்லை. 1998 மே மாசம், திட்டிய ஊரே அதற்கு ஆலன் ஷியரரின் 9-ம் நம்பர் ஃபுட்பால் ஜெர்ஸியை மாட்டிவிட்டு ஆட்டம் போட்டது. சொந்தக்காரங்க தவிர வேறு யார் இப்படி உரிமை எடுப்பாங்க?

மூடிய சுரங்கத்தை அந்தத் தேவதை திறக்கவில்லை. ஒருத்தருக்கும் கப்பல் வேலையைத் திருப்பித் தரவில்லை. ஆனா, 'இந்த ஊரின் கைகள் இதையெல்லாம் செய்யும்' என்பதை 20 மீட்டர் உயரத்தில் எழுதி நிறுத்தியிருக்கு. தொழில் போனாலும் திறமைக்கு ஒரு சாட்சி வேணும் இல்லையா? அதுவும் யூஸ்தான்டா ரூம்மேட்!

எங்க லேப் ரெக்கார்டில் வெல்டிங் எக்ஸ்பெரிமென்ட் முடிந்ததும் 'அப்ளிகேஷன்ஸ்' என்று ஒரு தலைப்பு வரும். சீனியர் நோட்டைப் பார்த்து எல்லோரும் ஒரே மாதிரி எழுதுவோம். பாலம், பாய்லர், கப்பல். இந்த முறை நான் நாலாவதாக ஒன்று சேர்க்கப்போகிறேன்.

தேவதை!